சிறுநீரகத்தை வடிகட்டி என்பது தவறு

"சிறுநீரகம் உடம்பின் வடிகட்டி. இரத்தத்தில் இருக்கும் கழிவைப் பிரித்து வெளியே தள்ளுவது அதன் வேலை. நிறையத் தண்ணீர் குடித்தால் அது கழுவிச் சுத்தமாகிவிடும்." இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லக் கேட்காத தமிழர் இருக்க மாட்டார். மருத்துவமனைச் சுவரொட்டியில் இருக்கிறது, நாட்டு மருந்துக் கடையில் சொல்கிறார்கள், வாட்ஸ்அப்பில் நாள் தவறாமல் வருகிறது. முதல் கூற்று கால்வாசி உண்மை. இரண்டாவது கூற்று அந்த உறுப்பு வேலை செய்யும் முறையையே தலைகீழாக்குகிறது. மூன்றாவது பொய். இவை நோயாளிகளுக்கு உண்மையான தீங்கைச் செய்கின்றன என்பதால் வாய்மூடி இருக்க முடியவில்லை.

காப்பி வடிகட்டியில் டிகாஷன் கீழே இறங்கும், சக்கை மேலே தங்கும். வேண்டியதும் வேண்டாததும் ஒரே படியில் பிரிந்துவிடும். சிறுநீரகத்தின் முதல் படியில் அப்படி ஒரு பிரிவினை நடப்பதே இல்லை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் குளோமருலஸ் என்ற தந்துகி முடிச்சு. இரத்தம் அதற்குள் பாயும்போது இரத்த அணுக்களும் அல்புமின் போன்ற பெரிய புரதங்களும்தான் உள்ளே நிற்கின்றன. நீர், சோடியம், பொட்டாசியம், குளுக்கோஸ், அமினோ அமிலங்கள், பைகார்பனேட், யூரியா, கிரியாட்டினின் எல்லாம் சேர்ந்தே குழலுக்குள் இறங்கிவிடுகின்றன. சர்க்கரைக்கும் யூரியாவுக்கும் அந்த இடத்தில் வேறுபாடு கிடையாது. உடம்புக்கு உயிர் கொடுக்கும் பொருளும் உடம்பு வெளியேற்ற வேண்டிய பொருளும் ஒரே நீரில் கலந்து, சிறுநீர்ப்பையை நோக்கிப் பயணம் தொடங்குகின்றன.

அந்த நீரின் அளவைப் பாருங்கள். ஆரோக்கியமான ஒருவரிடம் நிமிடத்துக்குச் சுமார் 125 மில்லி, ஒரு நாளைக்கு 180 லிட்டர். நம் இரத்தத்தில் உள்ள பிளாஸ்மாவோ மூன்று லிட்டர்தான். அதாவது அத்தனை பிளாஸ்மாவும் ஒரே நாளில் அறுபது முறை குழல்களுக்குள் கொட்டப்படுகிறது. கொட்டியது கொட்டியபடியே போனால் அரை மணி நேரத்துக்குள் பிளாஸ்மா தீர்ந்துவிடும். ஆனால் நாள் முழுவதும் நமக்கு வரும் சிறுநீர் ஒன்றரை லிட்டர் அளவில் நிற்கிறது. மிச்சமுள்ள 178 லிட்டருக்கு மேற்பட்ட நீர் இரத்தத்துக்கே திரும்பிவிட்டது. சமையல் உப்பின் கணக்கில் சொன்னால், குழல்களுக்குள் ஒரு நாளில் இறங்குவது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. நாம் ஒரு நாளில் உண்ணும் உப்பு பத்துக் கிராம் அளவுதான். சோடியத்தில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்ப எடுத்துக்கொள்ளப்படுவதால்தான் நாம் நிற்கிறோம், நடக்கிறோம். குளுக்கோஸ் நாளொன்றுக்கு 180 கிராம் அளவில் இறங்குகிறது. நோயில்லாதவரின் சிறுநீரைச் சாதாரணச் சோதனையில் பார்த்தால் அது இல்லவே இல்லை என்று வருகிறது. நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கை மீட்பதற்காக உழைக்கும் ஓர் உறுப்பை, வெளியேறும் ஒரு பங்கை வைத்து அடையாளம் காட்டுகிறோம்.

இதைவிட வலுவான சான்று ஒன்று உண்டு: செலவுக் கணக்கு. இரத்தத்தை குளோமருலஸ் வழியாக அழுத்தி நீரைப் பிழிவது இதயத் துடிப்பு தரும் அழுத்தம். அந்த வேலைக்குச் சிறுநீரகம் தன் கையிலிருந்து எதையும் செலவிடுவதில்லை. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து உடல் எடையில் அரை சதவீதம்கூட இல்லை; ஆனாலும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அங்கே போகிறது, ஓய்வாக இருக்கும் உடம்பின் ஆக்சிஜன் செலவில் பத்தில் ஒரு பங்குக்கு நெருங்கிய அளவு அங்கே எரிகிறது. எதற்காக? பெரும்பங்கு சோடியத்தைத் திரும்ப எடுப்பதற்காக. எவ்வளவு சோடியத்தை மீட்கிறதோ, அந்த அளவுக்கு அதன் ஆக்சிஜன் தேவை ஏறி இறங்குகிறது. வடிப்பதற்கான விலையை இதயம் கொடுக்கிறது. சிறுநீரகம் தன் சொந்த உழைப்பால் செய்வது மீட்பு. ஓர் உறுப்பின் தொழில் எது என்று அறிய, அது எதற்குச் செலவழிக்கிறது என்று பார்ப்பதைவிட நேர்மையான வழி இல்லை.

மீட்பு நடக்கும் முறையும் அழகானது. குளோமருலஸை அடுத்துள்ள அண்மைச் சுருள் குழலில் நீரிலும் சோடியத்திலும் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடுகிறது. குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் பெரும்பாலான பைகார்பனேட்டும் அங்கேயே மீட்கப்படுகின்றன. குழல் சுவரின் செல்கள் இரத்தப் பக்கத்தில் சோடியத்தை ஓயாமல் வெளியேற்றி, தமக்குள் சோடியம் குறைவாக இருக்கும்படி வைத்துக்கொள்கின்றன. அந்தக் குறைவை நோக்கிக் குழலிலிருந்து சோடியம் உள்ளே பாயும்போது, அதன் துணையோடு குளுக்கோஸ் உள்ளே வருகிறது. எஸ்ஜிஎல்டி2 என்ற கடத்திப் புரதம் இந்தக் குளுக்கோஸில் தொண்ணூறு சதவீதத்தை மீட்கிறது. தப்பி வருவதைச் சற்றுத் தள்ளி எஸ்ஜிஎல்டி1 பிடிக்கிறது. பிறகு ஹென்லே வளைவு இன்னொரு கால்பங்கு உப்பை எடுக்கிறது. எடுத்த உப்பைச் சிறுநீரகத்தின் உட்பகுதியில் தேக்கி அந்த இடத்தை அடர்த்தியாக்குகிறது. கடைசியில் சேகரிப்பு நாளம். அங்கே நீர் திரும்புமா, வெளியேறுமா என்பதை மூளையிலிருந்து வரும் வாசோபிரெசின் ஹார்மோன் தீர்மானிக்கிறது. அது வந்தால் அக்குவாபோரின் என்ற நீர்வழிகள் செல்சவ்வில் ஏறி நிற்கும், நீர் உள்ளே திரும்பும். இந்த நீர்வழிகளைக் கண்டறிந்த பீட்டர் அக்ரேவுக்கு 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது.

"சரி, நல்லதை எடுத்துக்கொண்டு கழிவை விடுகிறது, அவ்வளவுதானே" என்று கேட்கலாம். அப்படியும் இல்லை. கழிவு என்று நாம் பெயர் வைத்த யூரியாவில் ஏறக்குறைய பாதி திரும்ப உள்ளே போகிறது. சிறுநீரைச் செறிவாக்க அந்த யூரியா உட்பகுதியில் தேவைப்படுகிறது. யூரிக் அமிலத்தில் சுமார் தொண்ணூறு சதவீதம் திரும்பிவிடுகிறது. கழிவைக் கண்டுபிடித்து விலக்கும் ஏற்பாடு இந்த உறுப்பின் மையத்தில் இல்லை என்பதை இதிலிருந்தே அறியலாம். சில அமிலங்களையும் மருந்துகளையும் குழல்கள் தாமே சுரந்து வெளியேற்றுவது உண்மை. ஆனால் பெரும்பாலான பொருள்களுக்கு விதி வேறு. எல்லாவற்றையும் முதலில் வெளியே விடு. வேண்டியதை அடையாளம் கண்டு திரும்ப எடு. எவராலும் திரும்ப அழைக்கப்படாதது தானே போய்விடும். இந்த விதியின் மேன்மையை எண்ணிப் பாருங்கள். உலகில் இதுவரை இல்லாத ஒரு நச்சு நாளை உடம்புக்குள் வந்தாலும், அது குழலுக்குள் இறங்கக்கூடியதாக இருந்தால், அதை அடையாளம் காண வேண்டிய அவசியம் சிறுநீரகத்துக்கு இல்லை. வடிகட்டி என்ற சொல்லாட்சி இந்த நுட்பத்தை முழுதாக மறைத்துவிடுகிறது.

இந்த உண்மை எளிதில் கிடைத்ததும் இல்லை. 1842-ல் இலண்டனில் வில்லியம் பௌமன் குளோமருலஸின் கட்டமைப்பை விளக்கினார். அதே பத்தாண்டில் ஜெர்மனியின் கார்ல் லூட்விக், அழுத்தத்தால் நீர் வடிந்து பிறகு குழலில் திரும்ப உறிஞ்சப்படுகிறது என்று முன்வைத்தார். உடலியலாளர் ருடால்ஃப் ஹைடன்ஹைன் அதை எதிர்த்தார். இவ்வளவு பெரும் அளவு நீர் வடிந்து திரும்புவது நடவாத காரியம் என்ற ஐயம் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1920-களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் வேர்னும் ஏ. என். ரிச்சர்ட்ஸும் தவளையின் ஒற்றை நெஃப்ரானுக்குள் மயிரினும் மெல்லிய கண்ணாடிக் குழாயைச் செலுத்தி, குளோமருலஸிலிருந்து வந்த துளியை எடுத்துச் சோதித்தார்கள். அந்தத் துளியில் சர்க்கரை இருந்தது. அதே தவளையின் சிறுநீர்ப்பையில் சர்க்கரை இல்லை. இடையில் யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்த வழக்கு இது. பள்ளிப் பாடநூலும் வடிகட்டல், மீள உறிஞ்சல், சுரத்தல் என்று மூன்று படிகளைச் சொல்லித்தான் கொடுக்கிறது. தேர்வு முடிந்ததும் நாம் முதல் படியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மறந்துவிட்டோம்.

இனி தண்ணீருக்கு வருவோம். கூடுதலாக இரண்டு லிட்டர் குடித்தால் சிறுநீரகம் கழுவப்படும் என்பவர்கள், அதன் குழல்களில் ஏற்கெனவே நாளைக்கு 180 லிட்டர் ஓடுகிறது என்பதை அறியாதவர்கள். நீங்கள் குடித்த கூடுதல் நீர் அந்த 180-ஐ 182 ஆக்குவதுமில்லை. இரத்தம் சற்று நீர்த்ததும் வாசோபிரெசின் குறைகிறது, சேகரிப்பு நாளம் அந்த இரண்டு லிட்டரைத் திரும்ப எடுக்காமல் விட்டுவிடுகிறது. நிறமற்ற சிறுநீராக வெளியே வருவது நீங்கள் குடித்த தண்ணீர்தான். கிரியாட்டினின் முன்பு எவ்வளவு போனதோ அவ்வளவே போகிறது. கனடாவின் ஒன்டாரியோவில் நாட்பட்ட சிறுநீரக நோயுள்ள 631 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைக் கூடுதலாகத் தண்ணீர் குடிக்க வைத்து ஓராண்டு பார்த்தார்கள். 2018-ல் வெளியான முடிவு: சிறுநீரகச் செயல்பாடு குறைவதை அந்தக் கூடுதல் நீர் தடுக்கவில்லை.

தண்ணீரே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் நிறையக் குடிக்கத்தான் வேண்டும். இத்தாலியில் ஐந்தாண்டுகள் நடந்து 1996-ல் வெளியான ஆய்வில், நிறையக் குடித்தவர்களில் 12 சதவீதத்தினருக்கும் வழக்கப்படி குடித்தவர்களில் 27 சதவீதத்தினருக்கும் கல் மறுபடி வந்தது. அங்கே தண்ணீர் செய்வது கல்லாக உறையும் உப்பை நீர்க்கச் செய்வது. உறுப்பைக் கழுவுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. வெயிலில் உழைப்பவருக்குத் தண்ணீர் உயிர்காக்கும். ஆனால் சிறுநீரகம் செயலிழந்து கால் வீங்கிய ஒருவரிடம், "நிறையக் குடி, கழுவிவிடும்" என்று உறவினர் ஒருவர் அன்போடு சொல்லும் அறிவுரை அவரை மூச்சுத்திணறலோடு அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோகலாம். அதே அன்போடு தரப்படும் இளநீரில் பொட்டாசியம் மிகுதி. அதை வெளியேற்ற முடியாத உடம்பில் அது இதயத்தை நிறுத்திவிடக்கூடும்.

சிறுநீர் அதிகம் போனால் கழிவு அதிகம் போகிறது என்ற நம்பிக்கையும் இதே வேரில் கிளைத்ததுதான். சிறுநீர் பெருக்கும் மாத்திரை எதைச் செய்கிறது? ஃபியூரோசிமைடு ஹென்லே வளைவில் உப்பைத் திரும்ப எடுக்கும் கடத்தியைத் தடுக்கிறது. எடுக்கப்படாத உப்பு நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. இதயம் பலவீனப்பட்டு நீர்கோர்த்தவருக்கு அது பெரும் உதவி. ஆனால் வெளியேறுவது உப்பும் நீரும். "கிட்னி சுத்திகரிப்பு" என்று பாட்டிலில் அடைத்து விற்கப்படும் சூரணமோ சாறோ சிறுநீரை அதிகமாக்கினால், அதுவும் மீட்பைச் சற்றுக் குறைத்துவிட்டது என்பதுதான் பொருள். அதைச் சுத்தம் என்று சொல்லிக் காசு வாங்குவது ஏமாற்று.

மீட்பு கெட்டால் என்ன ஆகும் என்பதை மருத்துவமனை வார்டுகள் அடிக்கடி காட்டுகின்றன. கடும் வயிற்றுப்போக்கோ கண்ணாடி விரியன் கடியோ ஆளைச் சாய்க்கும்போது, ஆக்சிஜனை அதிகம் தின்னும் குழல் செல்கள்தான் பெரும்பாலும் முதலில் மடிகின்றன. பல நாள் சிறுநீர் நின்றுபோகிறது. பிறகு அந்தச் செல்கள் புதிதாய் வளர்கின்றன. அப்போது சிலருக்கு நாளைக்கு நான்கைந்து லிட்டர் சிறுநீர் கொட்டத் தொடங்கும். வெளியே காத்திருக்கும் குடும்பம் கண்டம் தாண்டிவிட்டது என்று மகிழும். செவிலியரும் மருத்துவரும் அந்த நாள்களில்தான் மிகக் கவனமாக இருக்கிறார்கள். வடிதல் திரும்பிவிட்டது, மீட்பு இன்னும் திரும்பவில்லை. பொட்டாசியமும் சோடியமும் நீரும் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கும். வடிகட்டி நன்றாக வேலை செய்தால் போதும் என்ற கருத்து உண்மையானால், இந்த நோயாளி அன்றே வீடு திரும்பியிருக்க வேண்டும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றைத் தவிர்க்காமல் சந்திக்க வேண்டும். சிறுநீரக மருத்துவர்களே வடிதல் வேகத்தை வைத்துத்தானே நோயின் கட்டங்களைப் பிரிக்கிறார்கள்? 60-க்குக் கீழே, 30-க்குக் கீழே, 15-க்குக் கீழே என்று எண் சொல்லுகிறார்களே? உண்மை. அந்த எண் பயனுள்ளது, நோயாளி அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அது பயன்படுவதற்குக் காரணம், இரத்தத்தில் கிரியாட்டினினைப் பார்த்தாலே கணித்துவிடலாம் என்பதும், நெஃப்ரான்கள் அழிந்தால் வடிதலும் மீட்பும் சேர்ந்தே குறையும் என்பதும். எளிதில் அளக்கக்கூடியதால் ஒன்று அளவுகோலாகிறது; அதனாலேயே அது அந்த உறுப்பின் நோக்கமாகிவிடாது. டயாலிசிஸ் எந்திரத்தைப் பாருங்கள். மனிதன் செய்த மிக நல்ல வடிகட்டி அது. சவ்வின் மறுபக்கத்தில் வெறும் தண்ணீரை ஓடவிட்டால் நோயாளி பிழைக்க மாட்டார். அதனால் ஒவ்வொரு முறையும் சோடியம், கால்சியம், பைகார்பனேட், குளுக்கோஸ் எல்லாம் அளந்து கலந்த நூறு லிட்டருக்கு மேற்பட்ட கரைசலை ஓடவிட வேண்டியிருக்கிறது. திரும்ப எடுக்கத் தெரியாத வடிகட்டிக்கு இத்தனை ஏற்பாடு தேவை.

கடந்த பத்தாண்டுகளில் சிறுநீரக மருத்துவத்தில் வந்த பெரிய முன்னேற்றம் இந்த மீட்புக் குழலிலிருந்தே வந்தது. 1835-ல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட புளோரிசின் என்ற பொருள் சிறுநீரில் சர்க்கரையை வரவழைக்கும் என்று அந்த நூற்றாண்டின் இறுதியில் கண்டார்கள். அதன் வழியில் வந்தவைதான் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள். எஸ்ஜிஎல்டி2-ஐத் தடுத்து, குளுக்கோஸையும் அதோடு சோடியத்தையும் குழலிலேயே விடுகின்றன. 4,304 நோயாளிகளிடம் நடந்து 2020-ல் வெளியான டாபா-சிகேடி ஆய்வில், சிறுநீரகம் கடுமையாகச் சரிவது, முற்றாகச் செயலிழப்பது, சிறுநீரக அல்லது இதய நோயால் இறப்பது ஆகியவை சேர்ந்த ஆபத்து 39 சதவீதம் குறைந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு நீரிழிவே இல்லை. இந்த மருந்து தொடக்கத்தில் வடிதல் வேகத்தைச் சற்றுக் குறைக்கிறது. பிறகு சரிவை மெதுவாக்குகிறது. வடிகட்டிக் கருத்தில் ஊறியவர் முதல் மாத அறிக்கையைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடுவார். சிறுநீரில் சர்க்கரை என்ற வரியைப் பார்த்து இன்னொருவர் அஞ்சி நிறுத்துவார். காப்புரிமை முடிந்து விலை இறங்கி, நம் மக்கள் கைக்கு எட்டிய மருந்து இது. தவறான படம் மனத்தில் இருந்தால் கைக்கு எட்டியதும் வாய்க்கு எட்டாது. (உண்ணாநோன்பு, வாந்தி, அறுவை சிகிச்சை நேரங்களில் இதை நிறுத்திவைப்பது பற்றி மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.)

மீட்பின் வாசல் வழியாகத் தீங்கும் நுழைகிறது என்பதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி. ஜப்பானின் தோயாமா மாநிலத்தில் ஜின்சு ஆற்றுப் படுகையில் சுரங்கக் கழிவின் காட்மியம் வயல்களுக்குள் பாய்ந்தது. வடிந்த காட்மியத்தை அண்மைச் சுருள் குழல் உள்ளே எடுத்துக்கொண்டது, குழல் கெட்டது, பாஸ்பேட் சிறுநீரில் ஒழுகியது, எலும்புகள் நொறுங்கின. இத்தாய்-இத்தாய் என்று அழைக்கப்பட்ட அந்த நோயை 1968-ல் அரசு மாசினால் வந்த நோயாக ஏற்றது. ஜென்டாமைசின் ஊசி மருந்தும் இதே வாசலில் நுழைந்து குழலைக் காயப்படுத்துகிறது. லித்தியத்தைச் சோடியம் என்று கருதிக் குழல் திரும்ப எடுக்கிறது. அதனால்தான் அந்த மருந்து உண்பவர் உப்பும் நீரும் வற்றும்போது நச்சேறி விழுகிறார்.

இப்போது இலங்கையின் வடமத்திய மாகாணத்தை நினைத்துப் பாருங்கள். 1990-களிலிருந்து அங்கே நெல் உழவர்களிடம் ஒரு நாட்பட்ட சிறுநீரக நோய் பரவலாகக் காணப்படுகிறது. நீரிழிவு இல்லை, உயர் இரத்த அழுத்தம் தொடக்கத்தில் இல்லை. ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும், எல் சால்வடோர், நிகராகுவா கரும்பு வெட்டுவோரிடமும் இத்தகைய நோயே. வெப்பமா, குடிநீரா, வேதிப்பொருளா, இவற்றின் கூட்டா என்ற விவாதம் ஓயவில்லை. திசுச் சோதனையில் தெரிவது ஒன்று: சேதம் முதன்மையாக குழல்களிலும் அவற்றைச் சூழ்ந்த திசுவிலும் இருக்கிறது. ஆனால் மருத்துவ முகாம்களில் சிறுநீரில் குச்சியை நனைத்து அல்புமினைத் தேடுகிறார்கள். அல்புமின் பெரும்பாலும் குளோமருலஸ் ஓட்டையானதன் அடையாளம். குழல் நோயில் அது தாமதமாக, சொற்பமாகத்தான் வரும். வடிகட்டியில் ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனை, மீட்கும் குழல் அழிந்துகொண்டிருப்பவரிடம் "உனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறது. அவர் மறுநாளும் வெயிலில் இறங்குகிறார், மாலையில் உடம்பு வலிக்கு மாத்திரை விழுங்குகிறார்.

உழவர்களுக்கும் உப்பளத் தொழிலாளர்களுக்கும் செங்கல் சூளைகளில் வேலை செய்பவர்களுக்கும் முகாம் நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். சிறுநீர்க் குச்சிச் சோதனையோடு நின்றுவிடாதீர்கள். இரத்தத்தில் கிரியாட்டினினை ஒவ்வொருவருக்கும் பாருங்கள். ஐயம் இருந்தால் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் போன்ற சிறு புரதங்களைச் சிறுநீரில் தேடுங்கள், அவைதான் குழல் கெட்டதை முன்கூட்டிச் சொல்லும். வலி மாத்திரையைத் தினமும் தின்கிறார்களா என்று கேளுங்கள். நண்பகலில் நிழலும் ஓய்வும் குடிநீரும் கொடுக்கும்படி வேலை கொடுப்பவரைக் கட்டாயப்படுத்துங்கள்.